நோய் ஒரு தகுதியா?

வீடு கிடைக்க ஒருவர் நோயாளியாக இருந்தாக வேண்டுமா? கேட்கவே விபரீதமாக இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் 1996 வீட்டுவசதிச் சட்டம், மருத்துவக் காரணத்தால் வீடு மாற வேண்டியவர்களுக்கு அரசு வீட்டு வரிசையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. பிரான்ஸ் 1998-ல் இன்னும் ஒரு படி போனது. சொந்த நாட்டில் சிகிச்சை கிடைக்காத, கடும் நோயுள்ள வெளிநாட்டவர் அங்கேயே தங்குவதற்கான உரிமையைச் சட்டமாக்கியது.

நம்மூருக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு மூன்று முகாம்கள்: லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை. முகாமிலிருந்து ஒரு தாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பிள்ளைக்கு ராவெல்லாம் முட்டு இழுக்குது டொக்டர்." குடியுரிமை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மருந்து இலவசம். இது சின்ன விஷயமில்லை. ஆனால் பிள்ளை திரும்பிப்போய்ப் படுப்பது அதே ஷீட் கூரைக்குக் கீழே, அதே ஒற்றை அறையில், அடுப்புப் புகைக்குப் பக்கத்தில். டாக்டரால் மாத்திரை எழுத முடியும், ஜன்னல் எழுத முடியாது.

அப்படியானால் அந்த அதிகாரத்தை டாக்டருக்குக் கொடுத்துவிடலாமா?

இங்கேதான் ஹன்னா அரெண்ட் குறுக்கே வருகிறார். நாடற்றவர்களைப் பற்றி 1951-ல் எழுதும்போது அவர் ஒரு சோதனை சொன்னார்: ஒரு குற்றம் செய்வதால் ஒருவரின் நிலைமை முன்னைவிட மேம்படும் என்றால், அவர் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்று பொருள். இதை நோய்க்கும் போட்டுப் பார்க்கலாம். பிள்ளைக்கு முட்டு வந்தால்தான் வீடு என்றால், அந்த முகாமில் நல்லா இருக்கிற பிள்ளைக்கு என்ன மதிப்பு? குணமானால் வரிசையில் பின்னால் போகணுமா?

"வீடு பத்து, ஆள் நூறு. நோயாளிக்கு முதலில் கொடுப்பதுதானே நியாயம்?" நியாயம்தான். யாருக்கு முதலில் என்பதற்கு நோய் அளவுகோலாகலாம். யாருக்கு உரிமை என்பதற்கு ஆகக்கூடாது. முதல் கேள்வி பற்றாக்குறையைப் பங்கிடுவது. இரண்டாவது கேள்வி மனிதரை எடைபோடுவது.

2021 ஆகஸ்ட் 27 அன்று தமிழ்நாடு அரசு, முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகச் சட்டப்பேரவையில் அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. அந்த அறிவிப்பில் எனக்குப் பிடித்தது அதன் அளவுகோல். அது சுவரின் சேதத்தைப் பார்த்தது. சுவருக்குள் இருப்பவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவில்லை.

ஆனால் அதுவும் பாதி வழிதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. புது வீட்டில் வளரும் பிள்ளை, இங்கேயே பிறந்திருந்தாலும், இன்னும் 'தங்க அனுமதிக்கப்பட்டவர்'. நோயுற்றால் இரக்கம் காட்டுகிற ஊர், நலமாக இருக்கும்போது என்ன உறவு கொண்டாடுகிறது? அதைக் கேட்க நாம் யாருடைய இருமலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.