காரணம் என்றொரு கட்டம்

டிக்கெட்டை மூடும் முன் ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும். ‘ரூட் காஸ்’ என்று அதற்குப் பெயர். ஏழு வருடங்களாக நிரப்பிவருகிறேன், பெரும்பாலும் அதிகாலை மூன்று மணிக்கு.

சப்போர்ட் வேலைக்கு வருகிறவர்கள் படிக்கும் காம்ப்டியா பாடத்தில் பழுதுபார்ப்பதற்கு ஆறு படிகள் உண்டு. முதல் நான்கும் பிரச்சினையோடு மல்லுக்கட்டுவது. ஐந்தாவது, எல்லாம் முழுதாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது, மறுபடி வராமல் தடுப்பது. ஆறாவது, கண்டதையும் செய்ததையும் எழுதிவைப்பது. பரீட்சைக்குப் படித்தபோது கடைசி இரண்டும் மார்க்குக்காக ஒட்டவைத்தவை போலத்தான் தோன்றின. சர்வர் ஓடுதுல்ல, அப்புறம் என்ன?

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, டிஸ்க் நிறைந்து ஒரு டேட்டாபேஸ் நின்றுபோனது. ஒரு லாக் ஃபைல் பூதமாக வீங்கியிருந்தது. அழித்தேன். இடம் திரும்பவில்லை. (லினக்ஸில் இது ஒரு வேடிக்கை. ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் அதை விடும்வரை, அழித்த ஃபைலும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.) சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் உயிர் வந்தது. ஏன் வீங்கியது என்று பார்த்தால், டிபக் லாக் ஆனில் இருந்தது. ஆன் செய்தது நான். இரண்டு வாரம் முன்பு வேறொரு பிரச்சினையைத் துரத்தும்போது, ‘அப்புறம் ஆஃப் பண்ணிக்கலாம்’ என்று விட்டது.

ஆஃப் செய்துவிட்டு எழுதினேன்: ‘டிஸ்க் ஃபுல். லாக் நீக்கப்பட்டது. சர்வீஸ் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது.’ ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தப் ‘பட்டது’வுக்குள் ஓர் ஆள் வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

அதே மாற்றத்தை இன்னொரு சர்வரிலும் செய்திருந்தேன். அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. யார், எப்போது, எங்கே ஆன் செய்தார் என்று நேர்மையாக எழுத உட்கார்ந்திருந்தால் நினைவுக்கு வந்திருக்கும். எழுதுவதும் தடுப்பதும் தனித்தனிப் படிகள் என்று பாடம் சொல்கிறது. எனக்கு அன்று அவை ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து அந்த சர்வரும் நிறைந்தது. ஷிப்டில் இருந்தது ஒப்பந்தத்தில் வந்த ஒரு தம்பி. சேர்ந்து நான்கு மாதம். பழைய டிக்கெட்டுகளைத் தேடி என்னுடையதைக் கண்டுபிடித்து, அதில் உள்ளபடியே லாக்கை அழித்தான். அங்கே ஓடியது போஸ்ட்கிரெஸின் பழைய பதிப்பு. அதில் ‘பிஜி எக்ஸ்லாக்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பெயரில்தான் லாக். டேட்டாபேஸின் உயிரே அதில். சாதாரண லாக் என்று நினைத்துப் பலரும் அழித்திருக்கிறார்கள். 2017-ல் வந்த பத்தாம் பதிப்பில் அந்தப் பெயரையே மாற்றினார்கள்.

அவன் டிக்கெட்டின் காரணக் கட்டத்தில் யாரோ ‘ஹியூமன் எரர்’ என்று போட்டார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. போகும் முன் கேட்டான்: “அண்ணா, உங்க டிக்கெட்ல லாக்க அழிக்கணும்னுதானே இருந்துச்சு?”

“ஆமாடா. ஆனா அந்த லாக் இல்லடா,” என்றேன்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் சர்வர் மாறி, நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. மிஞ்சியது ஆறு மணி நேரம் பழைய பிரதி. நடந்ததையெல்லாம் அந்த நிறுவனம் உலகத்துக்கு முன் எழுதிவைத்தது, தங்கள் பேக்கப்புகள் வேலை செய்யவில்லை என்பது உட்பட. இதற்கும் முன்பே, 2012-ல், எட்ஸி நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பா பழி சுமத்தாத விசாரணை பற்றி எழுதியிருந்தார். தண்டனைக்குப் பயந்தவன் உண்மையைச் சொல்ல மாட்டான், உண்மை வராவிட்டால் அதே விபத்து திரும்ப வரும் என்பது வாதம்.

வாதம் சரிதான். ஆனால் அது எந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசப்படுகிறது என்பதில் எனக்குச் சண்டை உண்டு. “உண்மைய எழுதிட்டு அப்ரைசல்ல யாரு நிப்பா?” என்று கேட்கும் நண்பனைக் கோழை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தம்பி உண்மையை மறைத்திருந்தால் அவனையும் குறை சொல்ல முடியாது. நான் அப்படியில்லை. நிரந்தர வேலை, நல்ல பெயர். எழுதியிருந்தால் அதிகபட்சம் ஒரு சங்கடமான மீட்டிங். இழக்கக் குறைவாக உள்ளவன்தான் முதலில் எழுத வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று இழக்கக் குறைவாக இருந்தவன் நான்.

மூடிய டிக்கெட்டைத் திருத்த முடியாது. கீழே குறிப்பு சேர்க்கலாம், மேலாளர் அனுமதித்தால். போன மாதம் கேட்டேன். “இப்போ எதுக்குப்பா?” என்றார். ஆனாலும் அனுமதித்தார். ‘டிபக் லாக்கை ஆன் செய்தது நான். இரண்டு சர்வரிலும்’ என்று சேர்த்தேன்.

அந்தத் தம்பியின் நம்பர் போனில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.