மதிப்பெண் கைக்கு வரட்டும்

1901-இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளிதான், 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது பழகிய சங்கதி. அதற்கான எஸ்.ஏ.டி. தேர்வை வழிகாட்ட ஆளில்லாமல் எழுதும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

தேர்வு முடிந்த 9 நாளுக்குள் கல்லூரிகளின் பெயரைக் கொடுத்தால் 4 கல்லூரிகளுக்கு மதிப்பெண் இலவசமாகப் போகும். மதிப்பெண் வெளிவருவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எழுதிய களைப்பில், மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பேருந்திலேயே போனை எடுத்து நான்கு பெயரைத் தட்டிவிடத் தோன்றும். முதல்முறை எழுதுகிறவர்கள் பொறுத்திருப்பதே நல்லது. எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. பிறகு அனுப்பும் கட்டணத்தை மிச்சம்பிடிக்க அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. அதோடு, விண்ணப்பத்தில் நாமே குறிப்பிடும் மதிப்பெண்ணைப் பல கல்லூரிகள் முதலில் ஏற்றுக்கொள்கின்றன. இடம் கிடைத்துச் சேரும்போது அதிகாரபூர்வமாக அனுப்பினால் போதும். கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை.

பெற்றோரே, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.