பெயரை நீக்குதல்

ஒரு பொருளின் பெயரை இடாப்பிலிருந்து நீக்கிவிட்டால் அப்பொருளும் இல்லாமற் போய்விடுமா? பழைய கேள்விதான். கணினித் துறையினர் இதற்கு ஒரு விடையை நிரலாகவே எழுதி வைத்தார்கள்.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் 2008ஆம் ஆண்டு பெரும் ஹாட்ரன் மோதுவி இயங்கத் தொடங்கியது. அதன் தரவுகள் ஓரிடத்தில் அடங்குவன அல்ல. பல நாடுகளின் கணினி நிலையங்களில் பிரதிகளாக வைக்கப்பட்டன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அறிய, எல்.எஃப்.சி. என்னும் பெயர்ச் சேவையகத்தை அக்காலத்தில் சில ஆய்வுக் குழுக்கள் பயன்படுத்தின. அது ஓர் இடாப்பு. அதில் கோப்பு இல்லை. கோப்பின் பெயரும் பிரதிகளின் முகவரிகளும் மட்டுமே இருந்தன.

அந்த இடாப்பிலிருந்து பதிவுகளை நீக்குவதற்கென ஒரு செயற்கூறு இருந்தது. ஒரே தடவையில் பல பெயர்களைக் கொடுக்கலாம். ஆனால் ஒரு பெயரின் கீழ் பிரதி ஏதும் பதிவாகியிருந்தால் அதனை நீக்க மறுக்கும். மீறி நீக்க வேண்டுமாயின், வலுக்கட்டாயக் குறியை நீக்குபவரே இட வேண்டும். இட்டால் பிரதிகளின் முகவரிகளும் பெயரோடு அழியும். ஒவ்வொரு பெயருக்கும் என்ன நேர்ந்தது என்ற விடை தனித்தனியே வரும்.

முகவரி அழிந்தாலும் தொலைநாட்டு வட்டில் கோப்பு அப்படியே கிடக்கும். இடத்தை அடைத்திருக்கும், கேட்பாரில்லை. இதனை 'இருண்ட தரவு' என்பார்கள். பெயர் இருந்து பொருள் தொலைந்தால், தேடிப்போகிறவனுக்கு அது இல்லையென்றாவது தெரியவரும். பொருள் இருந்து பெயர் தொலைந்தால் தேடுவாரே இல்லை. இரண்டில் இதுவே பெரிய இழப்பு என்பேன்.

நீண்ட நாள் பாடசாலைக்கு வராத ஒரு மாணவனின் பெயரை வரவு இடாப்பில் நான் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். விதிப்படிதான் செய்தேன். வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. சில மாதங்களின் பின் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டு ஸலாம் சொன்னான். பதில் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆதம் நபிக்கு இறைவன் பெயர்களைக் கற்பித்ததாகக் குர்ஆன் கூறுகிறது. பெயரறிவு மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றால், பெயரை நீக்கும் அதிகாரமும் அமானிதமே. நீக்கவே கூடாது என்பதல்ல. எதையும் நீக்காத இடாப்பு நாளடைவில் ஒன்றுக்கும் உதவாது. நீக்குமுன், அந்தப் பெயரின் கீழ் இன்னும் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது கடமை. அந்தச் செயற்கூறு அவ்வளவையும் பார்த்தது. வலுக்கட்டாயத்தை மட்டும் மனிதன் கையில் விட்டது. பொறுப்பும் அவனுடையதே.

பட்டியலாக நீக்கினாலும் பதில் பெயர்பெயராகத்தான் வருகிறது. மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கும் அப்படித்தான் இருக்கும். நான் இழுத்த அந்தச் சிவப்புக் கோட்டுக்கும் அதில் ஒரு கேள்வி உண்டு.