யாருடைய நேரம்?

நெல்லைச் சீமையின் சிற்றூர்களில் மாலை வேளையில் நடந்து செல்வோர்க்குப் புதிதல்லாத காட்சி ஒன்றுண்டு. திண்ணையில் ஒரு பெண், மடியில் சுளகு, அதில் நறுக்கிய பீடி இலை, தூள், நூல், அருகே விரித்து வைத்த கல்லூரிப் பாடநூல். நாம் அறிந்த மாணவி ஒருத்தி, வணிகவியல் இறுதியாண்டு பயில்பவள், நம்மிடம் பெருமிதத்தோடு சொன்னாள்: "பரீட்சைக் கட்டணத்துக்கு அம்மாகிட்ட கை நீட்டாண்டாம் பாருங்க. நேரம் கெடைக்கும்போது சுத்திக்கிடலாம்."

அந்தப் பெருமிதத்தை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. திருத்தூதர் பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியர் இல்லத்திலேயே தங்கிக் கூடாரம் செய்து உழைத்தார். பிறர்க்குச் சுமையாயிருக்க அவர் விரும்பவில்லை. பெற்றோரின் சுமையைத் தன் விரல்களில் ஏற்கும் மகளும் அந்த வழியில் வந்தவளே.

ஆயினும், "நேரம் கிடைக்கும்போது" என்ற சொல் நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. கிடைக்கும் அந்த நேரம் யாருடையது?

பீடிக்குக் கூலி ஆயிரம் என்ற கணக்கில். இலையை நிறுத்து வாங்கி வந்துவிட்டால், குறித்த எண்ணிக்கையைப் பீடிக்கடையில் ஒப்படைத்தாக வேண்டும். நாளை தேர்வு என்பதைக் கடைக்காரர் அறியார். தொழிற்சாலைக்குச் சங்கு உண்டு. ஊதினால் வேலை முடிந்தது. திண்ணைக்குச் சங்கு இல்லை. இடம், விளக்கு, கத்தரிக்கோல் எல்லாம் வீட்டாருடையவை. சுற்றியதில் சில சரியில்லை என்று கழித்துவிட்டால், அந்த இழப்பும் அவர்களுடையதே. முதலாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறெது? வளைந்து கொடுப்பது வேலையன்று, அந்தப் பெண்ணின் உறக்கமே.

இன்னொன்றும் உண்டு. 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என்றே ஏற்றது, அது பெரும்பேறு. ஆனால் கடையின் கணக்கில் இருப்பது தாயின் பெயர். அதே சுளகில் மகள் சுற்றிய பாதிக்குப் பெயரே இல்லை. பீடித் தொழிலாளியின் மகள் என்ற முறையில் அவளுக்குப் படிப்பு உதவித்தொகை வந்தது. பீடி சுற்றுகிறவள் என்று எந்தத் தாளும் அவளைச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லலாம், தையல் கற்கலாம், கணினியில் தட்டச்சு செய்து கொடுக்கலாம் என்பார்கள். செய்யலாம்தான். ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித் தருபவளுக்குத் தன் கணக்கும் தெளிவாகிறது. புகையிலைத் தூளில் அப்படி எதுவும் தெளிவாவதில்லை, நெஞ்சில் படிவதைத் தவிர. உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். தையலாயினும் தட்டச்சாயினும் அந்த அளவுகோலைக் கொண்டே பார்க்க வேண்டும். நாமோ இத்தகைய பிள்ளைகளைப் 'பொறுப்பானவள்' என்று மெச்சுவதோடு நின்றுவிடுகிறோம். எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்பதில்லை. இதை எழுதும் நாமும் பல மாதங்கள் கேட்கவில்லை.

பின்னர் ஒருநாள், பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்து, சுளகு மடியில் இருந்த நேரத்தை ஒரு வாரம் குறித்து வரச் சொன்னோம். வாரமுடிவில் கூட்டிப் பார்த்தபோது 31 மணி வந்தது. அவள் நம்பவில்லை, மறுபடியும் கூட்டினாள். தாய் அந்த நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது, எண் தெரியும்.

"ஏளா, ஞாயித்துக்கெழமை இனி நீ சுளகைத் தொடாதே" என்றார்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து அவ்வழியே வந்தோம். சுளகு தாயின் மடியில் இருந்தது. மகள் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள்.