"ஸப்ர் செய்" என்று சொல்வதற்கு முன்

 

துன்பத்தில் இருப்பவரைக் கண்டதும் நம் வாயில் முதலில் வருவது "ஸப்ர் செய்யுங்கள்" என்ற சொல்தான். நல்ல சொல். ஆனால் வீட்டையும் நாட்டையும் இழந்து வந்த ஓர் இளைஞனிடம், எதையும் இழக்காத நாம் அதைச் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? இன்று இதைச் சிந்திப்போம்.

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு, சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்குத் தப்பி வந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் சிறுவர்கள். அன்று 10 வயதில் காக்ஸ் பஜார் முகாமுக்குள் நுழைந்த பிள்ளை, மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட குடிசையிலேயே வாலிபனாகிவிட்டான். சுற்றிலும் முள்வேலி. சட்டப்படி வேலைக்குப் போக அனுமதி இல்லை. 2023இல் ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி 8 டாலராகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுதான் மீண்டும் உயர்ந்தது. 2025இல் நிதி இல்லாமல் பல கற்றல் மையங்கள் மூடப்பட்டன. அவன் "இரவில் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை" என்று சொன்னால், அதை ஈமானின் குறை என்று சொல்லிவிடலாமா?

யஃகூப் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். அழகிய பொறுமைக்கு உதாரணமாகக் குர்ஆன் காட்டும் நபி அவர். அதே நபிக்குத்தான் மகன் யூசுஃபைப் பிரிந்த கவலையால் கண்கள் வெளுத்துப் போயின. அவருடைய துக்கத்தைக் குறை சொன்னவர்கள் அவர் வீட்டிலேயே இருந்தார்கள். ஆனால் அல்லாஹ் அவரைக் குறை சொல்லவில்லை. பொறுமையும் கண்ணீரும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மதீனாவுக்கு வந்த புதிதில் பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் கிடந்தபடி மக்காவின் பள்ளத்தாக்கையும் அதன் செடிகளையும் நினைத்து ஏங்கினார்கள். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், ஊரை மறந்துவிடு என்று சொல்லவில்லை. மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக என்று துஆச் செய்தார்கள். ஏங்குபவரைத் திருத்தப் போகாமல், வந்து சேர்ந்த ஊர் அவருக்கு இனியதாக வேண்டும் என்று கேட்டார்கள்.

சகோதரர்களே! ஸப்ர் என்பது துன்பப்படுபவரின் வணக்கம். அவர் அருகில் இருப்பவரின் கடமை வேறு. அந்தக் கடமையைச் செய்யாமல் அவருக்கு ஸப்ரை மட்டும் போதிப்பது, நம் சுமையையும் சேர்த்து அவர் தலையில் வைப்பதாகும்.

"வயிற்றுக்கே வழியில்லை, மனநலம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரண்டும் தனித்தனி அல்ல. அடுத்த மாத அரிசி வருமா என்று தெரியாதவனின் மனம் எப்படி அமைதி அடையும்? அவசரகால மனநலப் பணிக்காக 2007இல் சர்வதேச அமைப்புகள் இணைந்து வகுத்த வழிகாட்டுதலும் உணவையும் பாதுகாப்பையும்தான் அடித்தளமாக வைக்கிறது. அதன் மேல் குடும்பமும் சமூகமும். மருத்துவர் வருவது உச்சியில்தான்.

போர் நடந்த பகுதிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அப்படியானால் மற்ற நால்வரை நோயாளிகளாகப் பார்ப்பதும் தவறு. அவர்களுக்கு வேண்டியது படிப்பு, விளையாட்டு, வேலை, கண்ணியம். ஸஅத் பின் ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அகதியாக வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) சந்தைக்கு வழி கேட்டார்கள் அல்லவா? தன் கையால் உழைப்பதும் உள்ளத்துக்கு மருந்துதான்.

ஆனால் அந்த ஐவரில் ஒருவரை மறைக்காதீர்கள். துஆவும் செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு எதிரி அல்ல. வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், "அது ஹராம்" என்று மட்டும் சொல்லி வாயை அடைக்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. அவனைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள்.

காக்ஸ் பஜார் தூரம் என்று நினைக்க வேண்டாம். சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ரோஹிங்யா குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்ந்து வந்திருக்கின்றன. பெருநாளுக்கு ஒருமுறை பிரியாணியும் துணியும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் நிதி வசூலித்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு முஹாஜிருக்கு ஓர் அன்ஸாரி என்று ஆளுக்கு ஆள் சொந்தம் ஏற்படுத்தினார்கள். ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். உங்கள் மகனோடு பந்து விளையாட அழையுங்கள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். அவனாகச் சொல்ல வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.

இடம்பெயர்ந்த இளம் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியைத் தருவானாக! அவர்களுக்கு அன்ஸாரிகளாக இருக்கும் பாக்கியத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.