அழுத்தத் தயங்கும் விரல்

கணினி முன் முதன்முறையாக உட்காருபவரின் கையைக் கவனியுங்கள். விரல் மவுஸின் மேல் இருக்கும், ஆனால் அழுத்தாது. ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைப் பிடித்து வைத்திருக்கும். பாடம் கடினம் என்பதைவிட இந்தப் பயமே பலரைப் பின்வாங்க வைக்கிறது.

இயங்குதளத்தை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் சாலிடேர் சீட்டாட்டம் வந்தது. சீட்டைப் பிடித்து இழுத்து இடம் மாற்றிப் பழகிய கைக்கு, ஒரு கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவது புதிய வித்தையாகத் தெரியவில்லை. விளையாட்டில் பழகியதை யாரும் பாடமாக நினைப்பதில்லை. அதனாலேயே அது நன்றாகப் படிகிறது.

நீக்கிய கோப்பும் உடனே போய்விடுவதில்லை, ரீசைக்கிள் பின்னில் காத்திருக்கிறது. (பென் டிரைவில் நீக்கியது பொதுவாக அங்கே வராது, இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.) தவறுதலாக அழித்த வரியைக் கன்ட்ரோலும் இசட்டும் சேர்ந்து திரும்பப் பெற்றுத் தருகின்றன. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை, கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டுப் பழையபடி தொடரலாம்.

தவறைத் திருத்த வழி இருக்கும் இடத்தில்தான் மனம் துணிந்து கற்கிறது. இயந்திரத்திடம் அந்தப் பொறுமை ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருபவர், "இப்படிக் கொடுங்கள், நானே செய்கிறேன்" என்று மவுஸை வாங்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.