யாருக்கு என்ன பிடிக்கும்?

கிராக்கர் என்றால் நமக்குச் சிவகாசிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் விருந்தின்போது ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் வைக்கப்படும் கிராக்கர் வேறு. அட்டைக் குழல் ஒன்றைப் பளபளப்பான தாளில் சுற்றி, இரண்டு முனைகளையும் மிட்டாய் உறைபோல முறுக்கியிருப்பார்கள். ஒரு முனையை நாம் பிடிக்க, மறுமுனையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்து இழுக்க வேண்டும். ‘டப்’பென்று கிழியும். பெரிய துண்டு யார் கையில் நிற்கிறதோ அவருக்கே உள்ளே இருப்பவை சொந்தம். மெல்லிய தாளில் செய்த கிரீடம், ஒரு கடி ஜோக், ஒரு சின்னப் பரிசு. அந்தக் கிரீடத்தை வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் தலையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

ஓசை தருவது ஸ்னாப் என்கிற பட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு அட்டைக் கீற்றுகளுக்கு நடுவே துளியூண்டு சில்வர் ஃபல்மினேட் தடவியிருக்கும். இழுக்கும்போது உரசி வெடிக்கும். இங்கிலாந்தில் 12 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கிராக்கர் விற்பது குற்றம். ஸ்னாப்பை வீட்டில் செய்ய முடியாது, கடையில்தான் வாங்க வேண்டும். மற்றதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கழிப்பறைத் தாள் தீர்ந்த பிறகு மிஞ்சும் அட்டைக் குழலே போதும். பல குடும்பங்களில் டிசம்பர் மாதத்து மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள்.

இந்தச் சிறு பொருளை வைத்து ஒரு கேள்வியை யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். கிராக்கரின் பயனே வியப்புதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை இழுப்பதற்குக் காரணமில்லை. அப்படியானால் அதைச் செய்பவளுக்கு என்ன கிடைக்கிறது? வியப்பை உண்டாக்குகிறவள் வியப்புக்கு வெளியே நிற்பதை அன்பு என்று பெயரிட்டு முடித்துவிடலாமா?

கிராக்கரின் வரலாற்றில் ஒரு ஆணின் பெயர் பெரிதாக இருக்கிறது. டாம் ஸ்மித் லண்டனில் மிட்டாய்க் கடைக்காரர். 1840களில் பாரிஸ் போனபோது, தாளில் முறுக்கி விற்கப்பட்ட இனிப்புகளைப் பார்த்து, அதே மாதிரி லண்டனில் விற்கத் தொடங்கினார். அதனோடு காதல் வாசகம் எழுதிய சீட்டைச் சேர்த்தார். பிறகு வெடியோசையையும் சேர்த்தார். அவருடைய மகன் வால்டர் காலத்தில் கிரீடமும் பரிசுகளும் உள்ளே வந்தன. லண்டன் ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் ஸ்மித் சகோதரர்கள் தங்கள் தாய் மார்த்தாவின் நினைவாக அமைத்த குடிநீர் ஊற்று ஒன்று இருக்கிறது. தாய்க்கு அங்கே ஒரு கல்வெட்டாவது கிடைத்தது. தொழிற்சாலையின் பழைய புகைப்படங்களில், நீண்ட மேசைகளில் குனிந்து தாள் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களுடைய பெயர்கள் எங்கும் இல்லை.

என் அக்கா கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். மருத்துவமனையில் செவிலியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, அவள் கிராக்கர் செய்வதை உடனிருந்து பார்த்தேன். இரவுப் பணி முடிந்து வந்து, தூங்கி எழுந்து, மாலையில் சமையலறை மேசையில் குழல்களை அடுக்குவாள். மகனும் மகளும் கூட உட்கார்ந்தார்கள். தாள் வெட்டினார்கள், பசை தடவினார்கள், ஒருவர் கையில் ஒருவர் ரிப்பன் கட்டினார்கள். நல்ல சிரிப்பாக இருந்தது. பிள்ளைகள் படுக்கப் போன பிறகுதான் அக்கா அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அத்தைக்குக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறு. பழையது அறுந்துபோனதை அத்தை யாரிடமும் சொல்லவில்லை, ஊக்கு மாட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். மகனுக்கு மிதிவண்டிச் சாவிக்கு ஒரு வளையம். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம் உண்டு, எல்லோர் முன்னாலும் ஜோக்கைப் படிக்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். அதனால் அவன் சீட்டில் எழுத்துக்குப் பதிலாகப் படம் வரைந்து வைத்தாள். அத்தானுக்கு, எனக்கு, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வங்காளப் பெண்ணுக்கு என்று ஒவ்வொன்றிலும் அந்தந்த ஆளை நினைத்து ஒரு பொருள்.

கடைசியாகத் தனக்கும் ஒன்று செய்தாள். அதற்குள் அவள் போட்டது மருத்துவமனையில் எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி.

“உனக்குள்ளதை நீயே போட்டுக்கிட்டா எப்படிக்கா?”

“வேற யாரு போடுவா? மேசையில ஒண்ணு குறைஞ்சா நல்லாருக்காதுல்ல.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை மட்டும்தான். இதில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். “இழுக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் கையைக் குறுக்க நீட்டிக்கிட்டு நிப்பாங்கல்ல, அதுதான்” என்றாள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. அதை இல்லை என்று சொல்லிப் பெண்ணியம் பேச வேண்டிய தேவை எனக்கு இல்லை. அந்த மகிழ்ச்சி உண்மை என்பதாலேயே மற்றக் கேள்விகள் அடங்கிவிடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

அமெரிக்க மானிடவியலாளர் மிகேலா டி லியோனார்டோ 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வகை வேலைக்கு உறவுப் பணி என்று பெயர் வைத்தார். கலிஃபோர்னியாவின் இத்தாலிய-அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த அவர், வாழ்த்து அட்டை அனுப்புவது, பண்டிகைக்கு ஆட்களைக் கூட்டுவது, பரிசு தேர்வது, தொலைபேசியில் விசாரிப்பது என்று உறவைக் கட்டிக் காக்கும் வேலையெல்லாம் பெண்கள் தலையிலேயே விழுவதைக் காட்டினார். அது வேலை என்றே தோன்றாமல் இருப்பதும் அதன் இயல்பு.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியத்தின் கற்பியல் கிழத்தியின் மாண்புகளை வரிசைப்படுத்தும்போது, கற்பு, பொறுமை ஆகியவற்றோடு விருந்தினரைப் பேணுவதையும் சுற்றத்தாரைக் காப்பதையும் சேர்த்தே சொல்கிறது. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். அங்கே அது பணி எனப்படவில்லை, மாண்பு எனப்படுகிறது. வேலைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, ஓய்வு உண்டு, கூலி கேட்கலாம், ஆள் மாற்றலாம். மாண்புக்கு இவை எதுவும் கிடையாது. வேலையில் குறை வந்தால் வேலை சரியில்லை என்பார்கள். மாண்பில் குறை வந்தால் பெண்ணே சரியில்லை என்பார்கள். ஒரு உழைப்பைக் குணமாக மாற்றிப் பெயரிட்டுவிட்டால் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே முடியாமல் போகும்.

“அன்பில் கணக்குப் பார்க்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. தத்துவத்திலும் இந்தக் கேள்விக்கு உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா 1991இல் வெளிவந்த நூலொன்றில், கொடை கொடையாக அறியப்பட்ட கணமே கடனாகிவிடுகிறது என்ற கோணத்தில் வாதிட்டார். கொடுப்பவரும் தான் கொடுத்ததை அறியக் கூடாது, பெறுபவரும் தான் பெற்றதை அறியக் கூடாது. அப்போதுதான் அது தூய கொடை, எனவே அது நடக்கவே இயலாத ஒன்று என்பது அவர் வாதத்தின் போக்கு. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். இரண்டு நிபந்தனைகளில் ஒன்றை நம் வீடுகள் என்றைக்கோ நிறைவேற்றிவிட்டன. பெறுபவர்களுக்குத் தாங்கள் பெறுவது தெரிவதே இல்லை. இட்டிலி தானாக வெந்துவிடுகிறது, பண்டிகை தானாக வந்துவிடுகிறது, அத்தையின் கண்ணாடிக் கயிறு தானாகவே குழலுக்குள் போய்விடுகிறது. கொடுப்பவளும் தான் கொடுத்ததை மறந்துவிட வேண்டும் என்பது மட்டுமே மிச்சம். கணக்குப் பார்க்காதே என்று சொல்லும்போது அந்த மிச்சத்தைத்தான் கேட்கிறார்கள்.

கணக்கு வேறு, விலை வேறு. எண்ணிப் பார்ப்பது எல்லாம் ரசீது நீட்டுவதற்காக அல்ல. 1906இல் டெய்லி நியூஸ் இதழ் லண்டன் குவீன்ஸ் ஹாலில் ஒரு கண்காட்சி நடத்தியது. வீட்டிலிருந்தபடி அடிமட்டக் கூலிக்கு உழைத்தவர்களை அங்கே உட்கார வைத்து, வந்தவர்கள் கண்முன்னே அந்த வேலையைச் செய்யச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பலர் பெண்கள். வீட்டுக்குள் நடந்ததால் யாருக்கும் தெரியாமல் இருந்த உழைப்பு அன்று வெளிச்சத்துக்கு வந்தது. 1909இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கச் சட்டம் வந்தபோது அதில் இடம்பெற்ற முதல் நான்கு தொழில்களில் ஒன்று காகிதப் பெட்டி செய்தல். சிவகாசி வட்டாரத்திலும் திண்ணைகளில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக் குழல் சுருட்டியும் குடும்பம் நடத்திய பெண்கள் உண்டு. ‘வீட்டில் செய்தது’ என்ற சொல் கடைப் பெட்டியின்மேல் அச்சிடப்படும்போது இனிக்கிறது. அந்தத் திண்ணையில் அதற்கு வேறு பொருள். என் அக்காவின் மேசையை அந்தத் திண்ணையோடு சமமாக வைக்க மாட்டேன். அவள் சம்பளம் வாங்குகிறவள், விரும்பித்தான் செய்கிறாள். ஆனாலும் வீட்டுக்குள் நடப்பதால் எண்ணப்படாமல் போகிறது என்பது இரண்டுக்கும் பொது. பார்க்கப்படாத உழைப்பைப் பற்றி நியாயம் பேச முடியாது. எண்ணுவது பார்ப்பதன் முதல் படி.

சரி, பகிர்ந்துகொண்டால் போயிற்று என்பீர்கள். அடுத்த ஆண்டு அக்காவின் மகள் அதையே சொன்னாள். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குவது, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு கிராக்கர் செய்வது. நல்ல ஏற்பாடு. ஸ்னாப் வாங்கியது அக்கா. சீட்டு எழுதியதும் அவள்தான். பிறகு ஒவ்வொருவராக அவளிடமே வந்து நின்றார்களாம். “அம்மா, பாட்டிக்கு என்ன பிடிக்கும்?” “அம்மா, சித்திக்கு அனுப்புற மாதிரி என்ன வைக்கலாம்?” அக்காவின் பெயர் அத்தானுக்கு வந்தது. அவரும் அவளிடமே கேட்டார், “உனக்கு என்ன வேணும்?” என்று. “ஏதாவது வைங்க” என்றிருக்கிறாள். தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அத்தான் கெட்டவர் அல்ல. பாத்திரம் கழுவுவார், துணி மடிப்பார், சொன்னதைச் செய்வார். அன்று பசையும் கத்தரிக்கோலும் பகிரப்பட்டன. யாருக்கு என்ன பிடிக்கும் என்கிற அறிவு பகிரப்படவில்லை.

கிராக்கர் செய்வதில் வேலை என்பது ஒட்டுவதோ கட்டுவதோ அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அறுந்த கயிற்றைக் கவனித்ததுதான் வேலை. அது நவம்பரிலோ அதற்கும் முன்போ, வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்போது நடந்திருக்கும். அதற்கு நேரம் குறிக்க முடியாது, பட்டியல் போட்டு ஆளுக்குப் பாதி என்று பிரிக்கவும் முடியாது.

ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியான தம் நூலில் ஒரு மாமியாரை உதாரணம் காட்டுகிறார். மருமகளை நாகரிகம் தெரியாதவள் என்று நினைத்திருந்த அந்த மாமியார், தன் பார்வையே குறுகலாக இருக்கலாம் என்று சந்தேகித்து, அவளை மறுபடி கவனித்துப் பார்க்கிறார். மெல்ல மெல்ல வேறொரு பெண்ணைக் காண்கிறார். வெளியே ஒரு செயலும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த உற்றுநோக்கலே ஓர் அறச்செயல் என்கிறார் மர்டாக். தத்துவம் போர்க்களத்திலும் நீதிமன்றத்திலும் தேடிக்கொண்டிருந்த அறத்தை அவர் மாமியார் மருமகள் உறவில் கண்டெடுத்ததை நான் மதிக்கிறேன்.

கவனம் இல்லாத அறிவு எப்படி இருக்கும் என்பதற்கும் கிராக்கரே சாட்சி. டாம் ஸ்மித் நிறுவனம் ஒரு காலத்தில் மணமாகாதவர்களுக்கு என்றே தனிப் பெட்டி விற்றது. வாடிய பூ, மோதிரம், தலைமுடிச் சாயம், இரவுத் தொப்பி இவைதாம் உள்ளே. மணமாகாத பெண் என்றால் இப்படித்தான் என்று முடிவுசெய்து, அவளை மேசையில் எல்லோர் முன்னாலும் இழுத்துப் பார்க்க வைக்கும் வேடிக்கை. ஒரு பெண்ணை வகையாகப் பார்ப்பதற்கும் ஆளாகப் பார்ப்பதற்கும் உள்ள தூரம், அந்தத் தலைச்சாயத்துக்கும் என் அக்கா வரைந்த படத்துக்கும் உள்ள தூரம்.

கவனத்தைக் கடன்போல வசூலிக்க முடியுமா என்றால், முடியாது. வற்புறுத்தி வாங்கிய கவனம் கவனமே அல்ல. ஆனால் அது பிறவிக் குணமும் அல்ல. மர்டாக்கின் மாமியார் அதை முயன்று பழகினார். பழகக்கூடிய ஒன்றை ஒரு வீட்டில் ஒருத்தி மட்டும் பழகியிருக்கிறாள் என்றால், மற்றவர்கள் ஏன் பழகவில்லை என்று கேட்கலாம். “எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா” என்பது வெள்ளந்தித்தனம்போல ஒலிக்கும். அவருக்குத் தெரியாமல் இருக்க முடிவதே, இன்னொருத்திக்கு எல்லாம் தெரிந்திருப்பதால்தான்.

போன பருவத்தில் முதுகலை மாணவிகளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் எதிரே, அவருக்கு என்ன பிடிக்கும், என்ன வலி, எதற்குப் பயம் என்று எழுதிவரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி வகுப்பு முடிந்தபின் மேசையருகே வந்து நின்றாள். அப்பாவுக்கும் தம்பிக்கும் மூன்று கட்டங்களையும் நிரப்பியிருந்தாள். அம்மாவுக்கு நேரே ‘எல்லாம் பிடிக்கும்’ என்று எழுதி, அதை அடித்திருந்தாள்.

“எல்லாம் பிடிக்கும்னு யாருக்கும் இருக்காதுல்ல மேம்” என்றாள். “இன்னும் ஒரு வாரம் டைம் குடுங்க.”